முதல் வரிசைக் கூழ்

விருத்தாசலத்துக்கு நாங்கள் குடிவந்து எட்டு வருஷம் ஆன பிறகும் தெருவில் என் வீட்டுக்குப் பெயர் ‘மருதக்காரம்மா வூடு’தான். என் கணவருக்குப் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, இரண்டாயிரமாவது வருஷம் மதுரைப் பக்கமிருந்து வந்தோம். பியூஸ் கட்டைக்கு அச்சு எடுப்பது அவர் வேலை. வந்த புதிதில் “அங்கிட்டு, இங்கிட்டு” என்று நான் பேசுவதைக் கேட்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் எதையாவது கேட்டுவைப்பார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்கோபம் அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “ஒங்க ஊர்ல மழையா?” என்று யாராவது கேட்டால், “இங்க பேயறதுதான் எனக்கும் பேயுது” என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். மதுரைக்குப் போனாலோ என் அம்மா அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பாள், உங்க ஊரில் மழையா என்று. அங்கே என் பெயர் விருத்தாசலத்துக்காரி. வாய் தவறி ‘வூடு’ என்று சொல்லிவிட்டால் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். இரண்டு ஊருக்கும் நடுவில் எந்த ஸ்டேஷனில் நான் இறங்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அசலூரு, வெளியூரு, வந்தவங்க, பொழைக்க வந்தவங்க, தெக்கத்தியாளு. எட்டு வருஷத்தில் இத்தனையும் என் காதில் விழுந்திருக்கின்றன. யாரும் திட்டுவதற்காகச் சொன்னதில்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை. மார்க்கெட்டில் தக்காளிக்குக்கூட இந்தக் கதிதான். ஒரு கூடையில் நாட்டுத் தக்காளி, மறு கூடையில் பெங்களூர்த் தக்காளி. பெங்களூர்த் தக்காளி எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் அவருடைய மச்சான் தோட்டத்தில் விளைந்ததாம். கம்பெனிக்கும் லாரி லாரியாக எங்கெங்கோ இருந்து மண் வருகிறது, சூளைக்குள் போய் வெளியே வந்தால் எல்லாம் விருத்தாசலம் சாமான்தான் என்று என் கணவர் சொல்வார். அப்படியானால் என்னையும் ஒரு நாள் சூளையில் வைத்து எடுத்துவிடுங்கள் என்றேன்.

ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். தெருக்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கூழ் காய்ச்சி, பானைக்கு வேப்பிலை கட்டி, தலையில் தூக்கி வந்து கோயில் வாசலில் இருக்கும் பெரிய அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகு அம்மனுக்குப் படைத்துவிட்டு, “வெளியூரு ஆளுங்கள்லாம் மொதல்ல வாங்க” என்று கூப்பிடுவார்கள். வாடகைக்குக் குடியிருக்கிற நாங்கள் சிலர் பந்தலில் வரிசையாக உட்காருவோம். தெருப் பிள்ளைகள் சொம்பில் மொண்டு வந்து ஊற்றுவார்கள், முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வரும். நாங்கள் குடித்து எழுந்த பிறகுதான் தெருக்காரர்கள் வாயில் வைப்பார்கள். இது மரியாதையா, தள்ளி வைப்பதா என்று எட்டு ஆடியாக யோசித்துவிட்டேன். என் கணவர் யோசிக்கவே இல்லை. முதல் பந்தி கிடைக்கிறதே, கொடுத்து வைத்தவள் நீ என்று இரண்டாவது டம்ளரை நீட்டுவார்.

வந்து எட்டு வருஷம் ஆன அந்தக் கோடையில் என் மகளுக்கு அம்மை வார்த்தது. அவளுக்கு ஏழு வயது. உடம்பில் ஓர் இடம் பாக்கியில்லாமல் முத்து. நான் நடுங்கிப் போனேன். வீட்டுக்காரம்மாதான் வேப்பிலை பறித்து வந்து படுக்கையில் பரப்பினார், இளநீர் வாங்கிவந்து கொடுத்தார். அன்று தெரு அம்மனிடம் வேண்டிக்கொண்டேன், பிள்ளையை விட்டுவிடு, வருகிற ஆடிக்கு உன் அண்டாவில் நான் கூழ் ஊற்றுகிறேன் என்று. ஊற்ற விடுவார்களா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மகள் எழுந்துவிட்டாள்.

ஆடி பிறந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கோயில் காரியம் பார்க்கிற தன் கொழுந்தனாரிடம் என்னை அழைத்துப் போனார். அந்தப் பெரியவர் அதட்டவில்லை, நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு சொன்னார், “வந்தவங்க ஊத்தி வழக்கமில்லம்மா. கோச்சிக்காதீங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் பிள்ளைக்கு மறுபடியும் வந்துவிடுமோ என்று அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பாப்பா எங்கே பிறந்தது என்று அவர் கேட்டார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்பே வலி எடுத்து, இதே ஊர் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள் என்றேன்.

“இங்க பொறந்து, இங்கயே அம்ம வாத்த புள்ள. அப்புறம் இன்னா? அது நம்ம ஊரு புள்ள, அது ஊத்தட்டும். நீங்க எப்பவும்போல மொதல்ல குந்தி குடிங்க.”

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கேழ்வரகுக் கூழை நான்தான் காய்ச்சினேன். சின்னப் பானையில் ஊற்றி, வேப்பிலை கட்டி, மஞ்சள் பாவாடை உடுத்திய மகளின் தலையில் வைத்தேன். தெருமுனை வரை கூடவே போனேன். அங்கே ஒரு பெண் என் தோளைத் தொட்டு, நீங்கள் பந்தலில் போய் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். பந்தலிலிருந்து பார்த்தேன். மகள் எக்கி நின்று அண்டாவில் பானையைச் சாய்த்தாள். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை. என் கூழ் எது, தெருவின் கூழ் எது என்று அதற்குப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அம்மன் என் கணக்கில் வைப்பாளா, மகள் கணக்கில் வைப்பாளா என்று ஒரே குழப்பம்.

பிறகு எங்கள் வரிசைக்குக் கூழ் வந்தது. சொம்போடு வந்தவள் என் மகள்தான். தெருப் பிள்ளைகளோடு அவளையும் பரிமாற விட்டிருந்தார்கள். ஒவ்வொரு டம்ளராக நிரப்பிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொம்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்காரு, ஒரு வாய் குடி என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். “நீ குடிம்மா. வெளியூரு ஆளுங்க குடிச்சப்புறந்தான் நாங்க குடிப்போம்.”

சொல்லிவிட்டு, என் டம்ளரை விளிம்புவரை நிரப்பினாள்.