ஒட்டிக்கொண்ட ரத்தம்

மலேரியாவை ஒழிக்க வேண்டுமென்றால் முதலில் அதைச் சோறூட்டி வளர்க்க வேண்டும். எங்கள் தொழில் அப்படி. ஆராய்ச்சிக்கூடத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

வாடகை வீடு

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் அல்சூரில் வீடு பார்க்கப் போனேன். வேலை என்னவென்று வீட்டுக்காரம்மா கேட்டார். ரத்தத்தில் மலேரியாக் கிருமி வளர்ப்பதாக உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். கிருமி கூடத்தை விட்டு வெளியே வராது, கொசு இல்லாமல் பரவாது என்று எவ்வளவோ விளக்கினேன். கேட்டுக்கொண்டே கதவைப் பாதி சாத்தினார்.

“பெங்களூர்ல கொசுவுக்கா பஞ்சம்? வேற வீடு பாருங்க சார்.”

முண்டுகள்

சிவப்பணுவுக்குள் புகுந்த கிருமி சும்மா இருப்பதில்லை. தன் புரதங்களை அணுவின் தோல்வரை அனுப்புகிறது. வழவழப்பான தோலில் குட்டிக் குட்டி முண்டுகள் எழும்புகின்றன. எந்தச் சந்திலும் வளைந்து நுழைந்த அணு விறைத்துப்போய் ரத்தக்குழாய்ச் சுவரில், சில சமயம் மூளைக்குள்ளும், ஒட்டிக்கொள்கிறது. கெட்ட அணுக்களை வடிகட்டி அழிக்கும் மண்ணீரலுக்குப் போனால் சாவு என்று கிருமிக்குத் தெரியும் போல.

அணுக்கள் வரிசையாக ஒட்டுவதை முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று, கூட வேலை செய்த சுதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கு. ஒருத்தரோட மூளைக்குள்ள இது நடக்குதுன்னு நினைச்சா பாக்க முடியல.”

பொம்மனஹள்ளிக்காரர்

ஆய்வுக்கு ரத்தம் வாங்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே பொம்மனஹள்ளியைச் சேர்ந்த ஒரு கட்டடத் தொழிலாளி நினைவில்லாமல் கிடந்தார். மங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவர். அவர் மனைவி செல்வி சம்மதித்துத்தான் ரத்தம் எடுத்தோம்.

“ரத்தத்துல கிருமி கொஞ்சம்தான்னு டாக்டருங்க சொல்றாங்க. அப்புறம் ஏன் சார் கண்ணு முழிக்கல?” என்று கேட்டாள்.

மிச்சமெல்லாம் மூளையின் சிறு குழாய்களில் ஒட்டியிருக்கலாம், கையில் எடுக்கும் ரத்தத்தில் அவை வராது என்றேன். மருந்து கிருமியைக் கொல்லும் என்றும் சொன்னேன்.

“ஒட்டினதைப் பிரிச்சுவிட ஒண்ணும் இல்லையா சார்?”

சான்றிதழ்

அவர் பிழைக்கவில்லை. சில மாதம் கழித்து, இறப்புச் சான்றிதழுக்காக வந்த செல்வியை அதே ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். கணவரின் ரத்தம் இன்னும் எங்களிடம் இருக்கிறதா என்று விசாரித்தாள். ரத்தம் இல்லை, அதிலிருந்த கிருமியை மட்டும் வளர்த்து வருகிறோம் என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு போயிட்டாரு. அது இருக்கு.”

இத்தனை வருடத்தில் அந்தக் கிருமியின் குணமெல்லாம் எனக்கு அத்துப்படி. அதற்குத்தான் என்னைப் பற்றி இன்றுவரை ஒரு கவலையும் இல்லை.