கடைசியாகச் சாப்பிடுகிறவன்

சப்ரியா தன் மகன் பேரைச் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. 'பையன்' என்பாள், 'என் பிள்ளை' என்பாள், கோபம் வந்தால் 'அந்தக் கழுதை' என்றுகூடச் சொல்வாள். பேர் மட்டும் வாயில் வராது. அதற்கு முன்னால் நிலைமை நேர் எதிர். ஜெருசலேமுக்கு மேற்கே, மலைச்சரிவில் இருக்கும் அந்த ஊரில், அவள் போடும் கூப்பாட்டை வைத்துத்தான் பல வீடுகளில் சாப்பாட்டு நேரம் ஆயிற்று என்று தெரிந்துகொள்வார்கள். "நிதாய், ஆறிப் போகுது, வாடா!" முதல் கூப்பாட்டுக்கு வர மாட்டான். இரண்டாவதற்கும் வர மாட்டான். மூன்றாவது கூப்பாடு பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் போய் முட்டித் திரும்பிய பிறகு, எங்கிருந்தோ வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்காருவான்.

எங்கிருந்தோ என்ன, பக்கத்து வீட்டிலிருந்துதான். அங்கே எஸ்ரா என்று மனைவியை இழந்த ஒரு கிழவர் தனியாக இருந்தார். அவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். தங்கமான மனசு என்று ஊரே மெச்சியது. பெற்றவளுக்கு உண்மை தெரியும். எஸ்ரா வீட்டு டிவி பெரியது, அதில் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருக்கும். தர்மம் பாதி, பந்தாட்டம் பாதி.

செத்துப்போனவர்களைத் தேவதூதர்கள் ஆக்கிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். அந்த நாட்டில் அதற்கென்று வருஷத்தில் ஒரு நாளே ஒதுக்கியிருக்கிறார்கள். போரில் மாண்டவர்களுக்கான நினைவு நாள். காலையில் சங்கு ஊதும், ரோட்டில் போகிற பஸ்கூட நின்றுவிடும். அப்புறம் பள்ளிக்கூட மேடையில் யாராவது ஏறி, கேப்டன் நிதாய் எப்போதும் புன்னகைத்தார், எல்லோருக்கும் முன்மாதிரியாக விளங்கினார் என்று வாசிப்பார்கள். முன்வரிசையில் சப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்போதும் புன்னகையா? காலையில் காபி உள்ளே போகிறவரைக்கும் அவனிடம் யாரும் பேச முடியாது. அப்பாவோடு பகடை ஆடினால் திருட்டு ஆட்டம்தான். அதிகாரிப் பயிற்சியில் வாத்தியாரோடு சண்டை பிடித்து முதல் தடவை வெளியே அனுப்பப்பட்டவன். கோழிப்பண்ணை வீட்டில் பிறந்துவிட்டு, சேவலைக் கண்டால் பயம் வேறு. கேப்டன் ஆகித் துப்பாக்கியோடு லீவில் வந்தபோதும் சேவல் நிற்கிற பக்கம் போகாமல் வேலியைச் சுற்றித்தான் வருவான். இதையெல்லாம் யாராவது ஒருவர் மேடையில் சொல்லித் தொலைத்தால் தேவலை என்று அவளுக்கு இருக்கும். அவர்கள் வாசிப்பதில் அவள் பிள்ளை எங்கேயும் இல்லை.

முதல் நினைவு நாளன்று கல்லறையிலிருந்து அவனுடைய சிப்பாய்கள் பதினைந்து இருபது பேர் நேரே வீட்டுக்கு வந்தார்கள். சப்ரியா அதற்காகவே முதல்நாள் முழுக்க உட்கார்ந்து கொழுக்கட்டை பிடித்திருந்தாள். ரவை மாவுக்குள் இறைச்சி வைத்து உருட்டி, கீரையும் எலுமிச்சையும் போட்ட புளிப்புச் சாற்றில் வேகவைப்பது. நிதாய்க்கு உயிர். எல்லார் தட்டிலும் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், ஒருவனும் சாப்பிடவில்லை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு இருக்கிறான்கள்.

"என்னப்பா, பிடிக்கலையா?"

"இல்லம்மா, அவன் சாப்பிடட்டும்னு பாக்கறேன்" என்றான் ஒருவன், பக்கத்திலிருந்தவனைக் காட்டி.

"நான் இவனுக்காக இருக்கேன்" என்றான் அந்தப் பக்கத்திலிருந்தவன்.

விஷயம் இதுதான். நிதாயின் படையில் அதிகாரி கடைசியாகத்தான் சாப்பிடுவான். அவன் பார்த்துப் பார்த்துப் பழக்கிவிட்டதில், சிப்பாய்களும் தனக்கு அடுத்தவன் வாயில் போடுகிறவரை கரண்டியைத் தொடுவதில்லை. கடைசி ஆள் ஒருவன் இருந்தவரைக்கும் இந்த ஏற்பாடு ஓடியது. அவன் போன பிறகு எல்லாருமே கடைசி ஆளாகிவிட்டார்கள். சாறு ஆறி, மேலே கொழுப்பு படிந்துவிட்டது. சப்ரியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு நாள் பூரா அடுப்புல நின்னிருக்கேன், நீங்க எனக்கு அணிவகுப்பு நடத்திக் காட்டறீங்களா? எடுங்கடா" என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் கரண்டிகள் அசைந்தன. அன்று அவள் அடுப்படிக்குள் போய், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நாள் முழுக்கக் கேட்ட பேச்சுகளில் காணாத பிள்ளை அந்த ஆறிப்போன தட்டுகளில் அப்படியே இருந்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் அஸ்மாரே. எத்தியோப்பியாவிலிருந்து வந்த குடும்பம், ஒல்லியான ஆள், வாயைத் திறந்து பேச மாட்டான். படையில் சேர்ந்த புதிதில் காவலில் தூங்கி நிதாயிடம் மாட்டிக்கொண்டவன். சிறைக்கு அனுப்பாமல், அடுத்த ஒரு வாரம் அவனுடைய காவல் நேரத்தில் நிதாய் தானும் கூடவே வந்து நின்றிருக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லையாம். சிறையே தேவலை என்று இருந்ததாம் அஸ்மாரேக்கு. "ஒரு மாசம் அவரைக் கண்டாலே ஆகாதும்மா. பேய்னுதான் பேர் வெச்சிருந்தோம்" என்று அவன் சொன்ன நாளிலிருந்து சப்ரியாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இந்த வசந்தத்தில், பிளம் மரங்கள் பூத்து முடிந்த சமயம், அஸ்மாரே தனியாக வந்தான். அவன் மனைவி திகிஸ்த்துக்கு இரண்டு நாள் முன்னால் பையன் பிறந்திருந்தான். சப்ரியா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

அவன் மென்று முடித்துவிட்டு, "பேர் விஷயமா வந்தேம்மா" என்றான்.

அவள் எடுத்த அடுத்த பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். யூதர்களுக்கு ஆண் குழந்தை என்றால் எட்டாம் நாள் விருத்தசேதனம். அன்றுதான் பேரும் வைப்பார்கள், அதுவரை வெளியே மூச்சு விட மாட்டார்கள். முன்கூட்டியே ஒருவன் பேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றால் எந்தப் பேர் என்று கேட்க வேண்டியதில்லை.

"கேப்டன் பேரு. நீங்க சம்மதிச்சா."

"வேண்டாம்பா."

யோசிக்காமல் வந்த பதில் அது. சப்ரியாவின் ஆட்கள் குர்திஸ்தானிலிருந்து வந்தவர்கள். தாத்தா பேரை அவர் எதிரிலேயே பேரனுக்கு வைப்பார்கள், ஒரு பேரைப் பத்துப் பேருக்கு வைப்பார்கள். அற்ப ஆயுசில் போனவன் பேரை மட்டும் வைக்க மாட்டார்கள். அந்த ஆயுசும் பேரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு பயம். அவளுடைய மூத்த மகளே தன் பிள்ளைக்கு அந்தப் பேரைக் கேட்டபோதும் சப்ரியா முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அஸ்மாரே பேரீச்சங்கொட்டையை மேஜைமேல் வைத்தான். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு வருஷமா சொல்ல வரல. அன்னிக்கு அந்தக் காவல்ல நான்தாம்மா..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"ஏழு நாள் துக்கத்துலயே உங்க கர்னல் வந்து சொல்லிட்டார். மழை. சாப்பாடு லேட்டா வந்துச்சு. சூடா இருக்கு, நீ போய்ச் சாப்பிடு, நான் நிக்கறேன்னு உன்னை அனுப்பியிருக்கான். அப்புறம் குண்டு விழுந்துச்சு. வருஷா வருஷம் உன் தட்டுல மட்டும் ரெண்டு கொழுக்கட்டை கூடப் போடறேனே, உன் அழகுக்குன்னு நெனச்சியா?"

அஸ்மாரே அழுதான். வளர்ந்த ஆள் சத்தமில்லாமல் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல், அவள் தன் கைத்துண்டை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"அதனாலதான்டா வேண்டாங்கறேன். அவன் போனான், நீ இருக்கே. உன் வீட்டுல ஒண்ணு பொறந்திருக்கு. அது நல்லா இருக்கணும். அந்தப் பேரை வெச்சு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என் பிள்ளை அங்க நின்னதுக்கு என்ன அர்த்தம்?"

"சரிம்மா, உங்க வார்த்தை" என்று எழுந்து போனான். வாசலில் சேவல் குறுக்கே வந்தது. அவன் அதைப் பார்த்து லேசாகச் சிரித்ததையும் அவள் கவனித்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே மௌனம். அவள் கணவன் ஷப்தாய் சண்டை போடுகிற ஆள் கிடையாது. முட்டை எத்தனை, தீவனம் தீர்ந்துவிட்டதா என்பதற்கு மேல் ஒரு பேச்சு பேசவில்லை. அது சண்டையைவிட மோசம். ஊர் மதகுருவான ரபி சின்ன வயசுக்காரர், வழியில் நிறுத்தி, கூடவே 'உயிர்' என்று பொருள் வருகிற மாதிரி இன்னொரு பேரைச் சேர்த்து வைத்தால் தோஷமில்லை என்றார். "உப்புக் குறைஞ்சா சேத்துக்கறதுக்கு இது என்ன குழம்பா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். பாவம், அவர் நல்லதைத்தான் சொன்னார்.

மறுநாள் முட்டை பொறுக்கும்போது ஷப்தாய் முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான்.

"சப்ரியா, அவன் எத்தனை வருஷம் இந்த வீட்டுல திரிஞ்சான்?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உனக்குத்தான் மறந்துபோச்சு. என்னைப் பகடையில ஏமாத்தினது, எஸ்ரா வீட்டுல உக்காந்து பந்தாட்டம் பாத்தது, சேவலுக்குப் பயந்து கூரை மேல ஏறினது, எல்லாம் அந்தப் பேர்தான். நீ அந்தக் கடைசிச் சாயங்காலத்தை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, அதுக்குப் பேர் நிதாய்ங்கறே."

நாலு வருஷம் கழித்து அந்த வீட்டில் அந்தப் பேர் கேட்டது. அவள் கையிலிருந்த முட்டை நழுவி உடைந்தது.

சாயங்காலம் போன் வந்தது. திகிஸ்த்.

"அம்மா, வேற பேர் பாத்துட்டு இருக்கோம். அதுக்காகக் கூப்பிடல. நீங்க எட்டாம் நாள் வந்துடணும், கொழுக்கட்டையோட. எங்க அம்மா சுடற எத்தியோப்பியத் தோசை இருக்கு, இருந்தாலும் படைக்காரங்க எல்லாரும் உங்க சாறைத்தான் கேக்கறாங்க."

"வர்றேம்மா. பால் நல்லாக் குடிக்கறானா?"

"எங்க குடிக்கறான்! மடியில போட்டா உடனே வாயை வெக்கறதில்ல. தலையைத் திருப்பித் திருப்பி எல்லாரையும் பாக்கறான். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, 'பாரு, எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு பாக்கறான், கேப்டனேதான்'னு சொல்லிச் சிரிக்கறார்."

சப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பயந்துபோன திகிஸ்த், "அம்மா, அம்மா" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. கேளு. அந்தக் கழுதையோட பழக்கம் அதுக்குள்ள வந்துடுச்சா? அதை மட்டும் வளர விடாதே. பேரை எடுத்துக்குங்க. பழக்கத்தை விட்டுடுங்க. உன் பிள்ளை எங்கே இருந்தாலும் முதல்ல சாப்பிடணும். அதுக்கு ஒத்துக்கிட்டா என் சம்மதம்."

திகிஸ்த், "ஒத்துக்கறோம்மா" என்றாள்.

எட்டாம் நாள், மூடி கட்டிய பெரிய பானையை மடியில் வைத்துக்கொண்டே சப்ரியா காரில் போனாள். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஷப்தாயைத் திட்டிக்கொண்டே போனாள். அவனுக்கு அது சங்கீதம் மாதிரி இருந்தது. அஸ்மாரே ஊர் ஜெபக்கூடத்தில் பழைய சிப்பாய்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. சடங்கின்போது குழந்தையை மடியில் தாங்குகிற மரியாதையை ஷப்தாய்க்குக் கொடுத்தார்கள். முட்டைத் தட்டைத் தாங்குகிற மாதிரி அவன் தாங்கிக்கொண்டான்.

பேர் என்ன என்று கேட்டார்கள். அஸ்மாரே வாயைத் திறக்காமல் சப்ரியாவைப் பார்த்தான். அவளுக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையை ஆட்டினாள்.

"நிதாய்" என்றான் அஸ்மாரே.

"இந்தச் சின்னவன் பெரியவன் ஆகட்டும்" என்று கூடியிருந்தவர்கள் வழக்கப்படி சொன்னார்கள். வழக்கமாக வாய்க்குள் முணுமுணுக்கிற வார்த்தைதான். பழைய சிப்பாய்கள் அன்று அதைத் தொண்டை கிழியச் சொன்னார்கள். குழந்தை வீரிட்டு அழுதது, திகிஸ்த் அதை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனாள்.

முற்றத்தில் பந்தி. அகலமான புளித்தமாவுத் தோசைகள், பக்கத்தில் சப்ரியாவின் பானை. எல்லார் தட்டிலும் சாறு ஊற்றியாயிற்று. ஒருவனும் தொடவில்லை. அப்பாக்களாகி, தலை முடி கொட்டி, இன்னும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்கள்.

சப்ரியா அதட்ட வாயெடுத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, கரண்டியை வைத்துவிட்டு அந்த அறையின் வாசலுக்குப் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள். நாலு வருஷமாகக் கூப்பிடாத குரல், முதலில் கொஞ்சம் கரகரத்தது.

"நிதாய், ஆறிப் போகுது, சாப்பிடுடா!"

முற்றத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. உள்ளே அழுகை நின்றது, சப்புக் கொட்டும் சத்தம் கேட்டது. சப்ரியா எட்டிப் பார்த்து, நன்றாக உறுதிசெய்துகொண்டு திரும்பினாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

"அவன் சாப்பிட ஆரம்பிச்சாச்சு" என்றாள். "இனிமே யாருக்காகடா காத்துட்டிருக்கீங்க? எடுங்க."

அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாறு இன்னும் சூடாகத்தான் இருந்தது.