அண்ணனின் ஜீப்பும் இடப்பக்கத்து ராடும்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் 'ஜீப்புக்காரர்'. மீதிப் பேர், அவருக்கு ஸ்பேனரை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் போனவர்கள். இரு சாராரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கை என்ற முறையில் நான் பெருமையாகத்தான் பேசப்போகிறேன். அழுகையெல்லாம் போன வருடமே ஆயிற்று.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், உழவுக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். படிப்பு அண்ணனுக்கு ஏறவில்லை. அவரும் அதை ஏறச் சொல்லி வற்புறுத்தவில்லை. பள்ளியை விட்டதும் செங்கல்பட்டில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பாவாடை கட்டும் வயதில் அம்மா போய்விட்டார். அதன் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவர் அண்ணன்தான். கிரீஸ் வாசம் அடிக்கும் சடையோடு பள்ளிக்கூடம் போன பெண் இந்தத் தாலுக்காவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் நைனா துணிந்து ஒரு காரியம் செய்தார். இருந்த ஒரே கழனியை ஈடு வைத்து, சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். மரம் நன்றாகவே வளர்ந்திருந்தது. வெட்டியதை வெளியே கொண்டுவருவதில்தான் வினை வந்தது. தோப்பிலிருந்து தார்ச்சாலைக்கு வர முதலில் மணல், பிறகு உப்பங்கழிச் சேறு. மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்கி நின்றுவிடும். மழை பிடித்துக் கழி நிறைந்துவிட்டால், அது வடிவதற்குள் குத்தகைக் காலமும் முடிந்துவிடும். மரம் போனால் கழனியும் போகும். நைனா சரியாகச் சாப்பிடாமல் எழுந்து போக ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான், மிலிட்டரி ஏலத்தில் வந்து ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு ஜீப்பைக் கூலிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கி, மாடு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார் அண்ணன். நைனா வாசலில் நின்று பார்த்தார்.

"மாட்ட வுட்டு ஜீப்ப இஸ்துகினு வர்ற. இது போயி மரத்த இஸ்துருமா?"

"இஸ்துரும் நைனா. கொஞ்சம் டைம் குடு."

மாட்டுக்கொட்டகை அன்றிலிருந்து பட்டறை ஆனது. மாடுகள் வேப்பமரத்தடிக்குப் போயின. எஞ்சின் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் எவ்வளவு சின்ன கியரில் போட்டாலும் மணலில் சக்கரம் வேகமாகச் சுற்றிக் குழிதான் தோண்டியது. "மணல்ல வேகம் ஆவாது. மெதுவா சுத்தணும், பலமா சுத்தணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தார். கடைசியில் நொறுங்கிப்போன ஏதோ ஒரு காரின் கியர் பாக்ஸை வாங்கி வந்து, ஜீப்பின் சொந்தக் கியர் பாக்ஸுக்குப் பின்னால் அதையும் பொருத்த ஆரம்பித்தார். முதல் பெட்டி வேகத்தைக் குறைக்கும். இரண்டாவது, குறைந்ததை இன்னும் குறைக்கும். அதற்குப் பிறகே பலம் நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போகும்.

பக்கத்து வீட்டு மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாபா, ஒரு வண்டிக்கு ரெண்டு கியர் பாக்ஸா? ரெண்டு பொண்டாட்டி கட்னவன் கத தான் ஒனக்கு!"

அண்ணனுக்கு அப்போது ஒன்றுகூட ஆகியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டார்.

லேத் பட்டறையில் வெட்டி ஒட்டிய ஷாஃப்ட் முதலில் கோணிக்கொண்டது, மறுபடி வெட்டினார். இரண்டாவது பெட்டியைச் சாய்த்து வைத்தால்தான் எல்லாம் ஒரே நேராக வந்தது. சாய்த்ததில் அதன் கியர் ராடு, ஓட்டுபவர் கைக்கு எட்டாமல் இடப்பக்கத்து இருக்கையின் முழங்காலுக்கு அருகே முளைத்துவிட்டது. போதாததற்கு அந்தப் பெட்டி ஏற்கெனவே தேய்ந்துபோன ஒன்று. இழுவை கூடினால் ராடு தானாக நழுவி வெளியே வந்துவிடும். யாராவது அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த யாராவது நான்தான்.

முதல் ஓட்டம் பார்க்க ஊரே கூடியது. அண்ணன் கிளட்சை மிதித்துத் தன் கியரைப் போட்டார். "நீ போடு" என்றார். போட்டேன். ஜீப் சாவகாசமாகப் பின்னால் நகர்ந்து கொட்டகைச் சுவரைச் சாய்த்தது. என் ராடு ரிவர்ஸில் விழுந்திருந்தது. அவர் காட்டிய இடத்தில்தான் நான் தள்ளினேன் என்பதை இந்த மலரிலும் பதிவு செய்கிறேன். நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணனோ ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன்னுடைய கியரையும் ரிவர்ஸில் போட்டார். ஜீப் முன்னால் வந்தது!

"பாத்தியா நைனா! ரிவர்ஸுல ரிவர்ஸ் போட்டா முன்னாடி போவுது!"

நைனா சிரித்ததை வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

தோப்பில் இறங்கினோம். டயரில் காற்றைக் குறைத்து, சவுக்கைக் கட்டுக்கட்டாகச் சங்கிலியில் கோத்து, இரண்டு பெட்டியிலும் முதல் கியர். நடந்து போகிறவர் எங்களை முந்திப்போய், நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். ஆனால் சக்கரம் மணலைத் தோண்டவில்லை, கவ்விக்கொண்டு நகர்ந்தது. குப்பத்து மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணாத்த, எறும்பு கூட ஓவர்டேக் பண்ணுதே!" என்று கேலி செய்தவர்களே பிறகு தங்கள் படகைக் கரையேற்றவும் எங்களைக் கூப்பிட்டார்கள். கூலி மீன்தான்.

கடைசி இழுவையின்போது வானம் கறுத்துவிட்டது. கழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நடுவில் நின்றால் அத்தோடு சரி. ராடு என் உள்ளங்கையில் துள்ளியது, தோல் உரிந்தது. "வுடாத தங்கச்சி. நா சொல்ற வரிக்கும் வுடாத" என்றார், என் பக்கம் திரும்பாமலே. தார்ச்சாலையில் நான்கு சக்கரமும் ஏறிய பிறகுதான் "இப்ப வுடு" என்றார். கழனி தப்பித்தது. இன்றும் அண்ணன் மகன் அதில்தான் நெல் வைக்கிறான்.

வயசுப்பெண் ஜீப்பில் ஏறிக்கொண்டு திரிகிறதே என்று பேசியவர்கள் உண்டு. "பொண்ண ஜீப்பு ஓட்ட வுட்றியே" என்று கேட்டவரிடம் அண்ணன், "ஓட்றது நானு. நவுத்துறது தங்கச்சி" என்றார்.

நான் கல்யாணமாகி மதுராந்தகம் போனேன். அண்ணி வந்தார், பிள்ளைகள் வந்தார்கள், அண்ணன் சொந்தமாக ஷெட் வைத்தார். இரண்டாவது பெட்டியை மேல் கியரில் விட்டுவிட்டால் அது சாதாரண ஜீப்தான், அப்படியே ஓட்டினார். ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் அந்த ராடை வளைத்து வலப்பக்கம் கொண்டுவந்து தருவதாகப் பலமுறை சொன்னார்கள். "கெடக்கட்டும்" என்பார். சோம்பேறித்தனம் என்றே நான் நினைத்திருந்தேன்.

கடைசி நாட்களில் மூச்சு வாங்கியது. அப்போதும் படுக்கையில் இருந்தபடி ஜீப்பைக் கிளப்பச் சொல்லிச் சத்தம் கேட்பார். பக்குவமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த ஷெட் பிள்ளைகளுக்கும், செய்தி கேட்டுச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து நின்ற குப்பத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவரவர் ஸ்பேனரை ஷெட்டில் வந்து அடையாளம் காட்டி எடுத்துச் செல்லலாம்.

கடைசி நன்றி அண்ணிக்கு. அண்ணனை எடுத்த அன்று நல்ல மழை. ஏரிக்கரை வழியாகச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை சேறாகிவிட்டது. அமரர் ஊர்தி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மகன் ஜீப்பைக் கிளப்பி, பின்னால் அண்ணனைக் கிடத்தி ஓட்டுபவர் இடத்தில் உட்கார்ந்தான். பிறகு என்னைப் பார்த்தான். பங்காளிப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "பொம்பளைங்க தெருமுன வரிக்கும்தான். வழக்கம் இன்னான்னு தெரியாதா?"

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்த ராட கடைசி வரிக்கும் அவரு மாத்தவே வுடல. அது தங்கச்சி எடம்னு சொல்லிக்கினே இருந்தாரு. நீ ஏறும்மா."

பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். அவருக்கும் நன்றி.

ஏறினேன். இரண்டிலும் முதல் கியர். உடன் நடந்தவர்கள் யாரும் பின்தங்கவில்லை. ராடு பழையபடியே துள்ளியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சேறு முடிந்தது, கரை முடிந்தது, ஜீப் நின்றது, எஞ்சினும் அணைந்தது. என் கை மட்டும் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரலுக்காகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

மகன்தான் என் கையைத் தொட்டான். "வந்துட்டோம் அத்த. இப்ப வுடுங்க."