பம்ப் டாக்டர் வீட்டு ஏழு மாதம்

ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் போதும், உள்ளே எந்த பேரிங் முனகுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் பம்புகளைப் பழுது பார்க்கிறவர். தெருவே அவரைப் பம்ப் டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. காதில் விழுந்த கோளாறு பாதி தீர்ந்த கோளாறு என்று அந்தத் தொழில் அவரை நம்ப வைத்திருந்தது.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். எள் போட்டால் எண்ணெயாகிற நெரிசலில் அவள் "உள்ள போங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தால், இல்லாத இடமும் பிறக்கும். அவர் தெருமுனை திரும்பும்போதே, வீட்டில் என்ன குழம்பு, யார்மேல் கோபம் என்பதெல்லாம் காற்றிலேயே வந்து சேரும். அந்தக் குரல்மேல் அவருக்குத் தனிப் பெருமை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பால் குடிக்கும்போது அதற்கு நெற்றி வேர்த்தது. நாலு வாய் குடிப்பதற்குள் களைத்துப் போனது. பக்கத்து மருத்துவமனைக்கு இரண்டு முறை தூக்கிப் போனார்கள். இரண்டு முறையும் சளி என்று சொல்லி ஒரே சிரப்பை எழுதிக் கொடுத்தார் அங்கிருந்த மருத்துவர். குழந்தையின் சட்டையை விலக்கி நெஞ்சில் குழாய் வைக்க அவருக்கு நேரமில்லை. வந்தவர்களின் செருப்பைப் பார்த்தே நோயை எடை போடுகிற வைத்தியம் அது. நாற்பதாம் நாள், குளிப்பாட்டித் துவட்டிய குழந்தையின் மார்பில் அப்பா விளையாட்டாகக் காதை வைத்தார். வைத்த காதை எடுக்கவில்லை.

"என்னங்க?" என்றாள் அவள்.

"வால்வு கசியுது," என்றார்.

பெரிய மருத்துவமனையில் இதய மருத்துவர் ஒரு குட்டையான பெண்மணி. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நானும் டாக்டர்தாங்க, பம்புக்கு," என்றார் இவர். அதற்கப்புறம் அந்த அம்மாள் பூசி மெழுகவில்லை. தாளில் படம் போட்டு, சக தொழிலாளியிடம் பேசுவதுபோலப் பேசினார். இதயத்தின் இடப்பக்கம் வளரவே இல்லை. வால்வும் கோணல். அறுவை சிகிச்சையைத் தாங்கும் நிலையில் உடம்பு இல்லை. மருந்து மூச்சை லேசாக்கும், சில மாதங்கள் கிடைக்கும். முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் அந்த ஆறு வாரமும் பிஞ்சு மூச்சுக்குத் தவித்திருக்க வேண்டியதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"வால்வு அளவு மட்டும் சொல்லுங்க. எங்க கிடைச்சாலும் தேடிக் கொண்டுவரேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. "கிடைச்சாலும் மாட்டறதுக்கு உள்ள இடமில்லங்க."

வீட்டுக்கு வந்தால் வேறொரு இடி. அவர்களோடு இருந்த பம்ப் டாக்டரின் அக்கா, குழந்தையைத் தன் உயிராக நினைத்தவள்தான், வாய் தவறிச் சொன்னாள்: "எட்டு மாசம் குலுங்குற வண்டியில நின்னா பிள்ளை நெஞ்சு தாங்குமா?" கண்டக்டரம்மா ஆசைப்பட்டு நிற்கவில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுங்கள் என்று டெப்போவில் இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தாள். கர்ப்பம் உன் சொந்த விஷயம் என்று அனுப்பி வைத்தார்கள். ஆனால் அக்காவின் சொல் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கண்டக்டரம்மா சாவு வீட்டில் பேசுவதுபோல் குரலை இறக்கிப் பேச ஆரம்பித்தாள். உயிரோடு ஒரு குழந்தை மடியில் கிடக்கும்போதே.

கர்ப்பத்தின் முதல் எட்டு வாரத்துக்குள் இதயம் உருவாகிவிடுகிறது, அப்போது கர்ப்பம் என்றே அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னதைப் பம்ப் டாக்டர் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வாய்ச்சொல் ஏறாது, பொருளைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறையிலிருந்து இரண்டு பழைய பம்புகளின் இரும்பு உறைகளைச் சாக்கில் தூக்கி வந்தார். இரண்டையும் ரம்பத்தால் பிளந்திருந்தார். கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பரப்பி வைத்து, அக்காவையும் மனைவியையும் எதிரே உட்கார வைத்தார். குழந்தை அத்தை மடியில் கிடந்தது.

"இதப் பாருக்கா. தண்ணியில்லாம ஓட்டியிருக்கான், உள்ள பூரா கீறல். இது ஓட்டினவன் தப்பு." மற்றதை எடுத்தார். கீறலே இல்லை, சுவருக்குள் பட்டாணி அளவு ஒரு பொத்தல். "இது இரும்பை உருக்கி அச்சுல ஊத்தும்போதே காத்து புகுந்து விழுந்தது. மெத்தையில வச்சு ஓட்டினாலும் கசியும். கம்பெனிக்காரன் என்ன சொல்வான் தெரியுமா? உனக்கு ஓட்டத் தெரியலைம்பான். இருபது வருஷமா அவனோட எனக்குச் சண்டை. இப்ப என் கூடப்பிறந்தவளே கம்பெனிக்காரன் மாதிரி பேசினா நான் எங்க போய் முட்டிக்கறது?"

அக்கா பொத்தலை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

"அப்ப வார்த்தவன் யாருடா?"

"யாருமில்லக்கா. கேஸ் போடக்கூட ஆளில்ல."

முதலில் சிரித்தது கண்டக்டரம்மா. அடக்கி அடக்கி வெடித்த சிரிப்பு. குழந்தை திடுக்கிட்டு அம்மா முகத்தைப் பார்த்தது. பிறகு பொக்கை வாயைத் திறந்து அதுவும் சிரித்தது. பிறந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. உதடு லேசாக நீலம் பாயவும் மூவரும் பதறி எழுந்து மூன்று பக்கம் ஓடினார்கள். அது நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சிரித்தது. அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டெல்லாம் பழக்கமில்லை. "நாளையிலருந்து நீ டூட்டிக்குப் போ. என் மருமகள நான் பாத்துக்கறேன்," என்றாள். அவள் அகராதியில் அதுதான் மன்னிப்பு.

பிறகு அந்த வீட்டில் தினமும் கொண்டாட்டம்தான். சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்டக்டரம்மா வீட்டுக்குள்ளேயே வண்டி விடுவாள். "சமையல்கட்டு, சமையல்கட்டு! அடுத்தது குளியலறை, அத்தை மடி!" நிலைவாசலில் நிற்கும் புருஷனைப் பார்த்து, "சார், படியில நிக்காதீங்க," என்பாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தோளில் ஒரு சிரிப்பு குலுங்கும். சிரிக்க விடலாமா என்று மருத்துவரிடம் போய்க் கேட்டார்கள். "தாராளமா. அது அவ மருந்து," என்றார் அவர்.

ஏழாம் மாதம், கண்டக்டரம்மாவுக்கு டூட்டி இல்லாத ஒரு நண்பகலில், சமையல்கட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், அம்மாவின் தோளிலேயே குழந்தை அடங்கியது. தோள் கனத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதி வழியில் பயணியை இறக்கிவிடுகிறவள் அல்ல அவள். கடைசி நிறுத்தம்வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மூவரும் வாய்விட்டு அழுதார்கள். ஆனால் யாரும் யாரையும் பார்க்கக் கூசி அழவில்லை.

துக்கம் கேட்க வந்த ஒருத்தி, பஸ்ஸில் நின்ற பாவம் என்று ஆரம்பித்தாள். அக்கா அவளைப் பிடித்து உட்கார வைத்து அச்சு, வார்ப்பு, காற்று, எட்டு வாரம் என்று முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தாள். வந்தவள் டீயைக்கூடக் குடிக்காமல் ஓடினாள். பட்டறைக்கு ஒரு ஆள் தேவை, வருகிறாயா என்று அக்காவைக் கேட்டார் தம்பி. அன்று அந்த வீடு மறுபடி சிரித்தது.

இரண்டு மாதம் கழித்து டெப்போவில் மூன்று பெண் கண்டக்டர்கள் கர்ப்பமாக இருந்தார்கள். எல்லாப் பெண்களும் சேர்ந்து, உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டு மனு எழுதினார்கள். தொழிற்சங்கச் செயலாளர் கண்டக்டரம்மாவின் வீட்டுக்கே வந்து ஒரு யோசனை சொன்னார். நின்று வேலை பார்த்ததால்தான் என் குழந்தை செத்தது என்று நீ ஒரு வரி சொன்னால் போதும், மேலாளர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர்தான், நல்ல காரியம்தான். பம்ப் டாக்டருக்குத்தான் ஒரு கவலை. அந்த வரியை அவள் தன் வாயால் சொல்லிவிட்டால் தானே நம்பிவிடுவாள், அந்தச் சாவு வீட்டுக் குரல் திரும்பிவிடும். இருந்தும் சொல்லப்போவது அவள், ஆகவே முடிவை அவளிடமே விட்டார். மனு கொடுக்கும் நாளில் கூடவே போய், டெப்போ முற்றத்தில், மேலாளர் அறை ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

மேலாளர் ஏதோ கேட்டார். வெளியே முணுமுணுப்பாகத்தான் விழுந்தது. பம்ப் டாக்டர் ஜன்னல் பக்கம் காதை நீட்டினார்.

"நின்னதாலயான்னா கேக்கறீங்க? இல்ல சார். எம்பொண்ணு நெஞ்சு எட்டு வாரத்துலயே அப்படி. அவளச் சாட்சிக்கு இழுக்காதீங்க. நாங்க கேக்கறது எங்க காலுக்கு. எட்டு மாசம் நின்னு என் கால் பூசணிக்கா மாதிரி வீங்கிப்போச்சு. வீங்கின காலுக்கு ஒரு நாற்காலி போட ஒரு பிள்ளை சாகணுமா சார்?"

முற்றத்தில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். உள்ளே மறுபடி முணுமுணுப்பு. அதற்கு அவள் சொன்ன பதில் டெப்போ முழுக்கக் கேட்டது.

"இப்போதைக்கு மூணு நாற்காலி சார். முதுகு சாயற மாதிரி."