நோலீன் முகத்தில் மழை நிலவரம்

டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் சிப்பிப் பண்ணை வைத்திருக்கும் டெஸ், தம் போனின் முகப்புத் திரையை வைத்தே உலகத்தை நிர்வகித்துவந்தார். திரையில் கடல் ஏறும் நேரத்துக்கு ஒரு கட்டம், காற்றுக்கு ஒரு கட்டம். மழை மிஞ்சினால் சிப்பி எடுக்கத் தடை வந்துவிடும் என்பதால் மழைக்கு மட்டும் பெரிய கட்டம். நிலாவுக்கும் இடமுண்டு. எதற்கு என்று கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே" என்பார். போன் பேசுவதற்கான பொத்தானும் அதில் எங்கோ இருந்தது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் கூப்பிட நினைத்த ஆளே நேரில் வந்துவிடுவார்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு படம். ஊர்க் கண்காட்சியில் மனைவி நோலீனின் ஸ்பாஞ்ச் கேக் முதல் பரிசு வாங்கியபோது எடுத்தது. நடுவில் கேக்குடன் நோலீன், ஓரத்தில் டை இறுக்கத்தில் விழி பிதுங்க டெஸ்.

ஞாயிறன்று கிளப்பில் தேநீர் வேளை. இரண்டாம் பரிசுக்காரி மார்ஜ் எதிரே வந்து உட்கார்ந்ததும், நோலீன் கணவரின் போனைப் பிடுங்கி நீட்டினாள்.

மார்ஜ் கண்ணாடியை மாட்டினாள். "கேக் ஜோராத் தெரியுது. பிடிச்சிருக்கிறது யாரு? கழுத்துக்கு மேல மழைன்னுல்ல போட்டிருக்கு!"

மேசையே சிரித்தது, நோலீனைத் தவிர.

வீடு வந்ததும் ஆரம்பித்தாள். "நாப்பது வருஷமா உன் மூஞ்சிய நான் பார்க்கறேன். என் மூஞ்சிய ஒரு போன்ல உன்னால பார்க்க முடியாதா?"

"மழை முக்கியமில்லையா, கண்ணு..."

"அப்ப சாப்பாட்டையும் மழைகிட்டயே கேளு."

அடுப்பில் ஆட்டுக்கறி மணத்தது. டெஸ் உடனடியாகச் சீர்திருத்தத்தில் இறங்கினார். முதலில் நிலா பதவி இழந்தது. காற்றும் போயிற்று, ஜன்னலுக்கு வெளியே மரம் ஆடுவது தெரிகிறதே. மழையைக் கீழே இறக்கினார்.

நோலீன் எட்டிப் பார்த்தாள். "கேக்கையே மூடிட்டியா! வெறுந்தட்டுக்கா பரிசு குடுத்தாங்க?"

மழையும் வேண்டும், கடலும் வேண்டும், மனைவியும் வேண்டும், கேக்கும் வேண்டும். யோசித்தபடி திரையை உற்றுப் பார்த்தவருக்கு, எந்த உபயோகமும் இல்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒன்று கண்ணில் பட்டது. மழையைப் படத்தின் ஓரத்திலிருந்த தம் முகத்திலும் கடலைத் தம் வயிற்றிலும் வைத்து அழுத்தினார்.

நோலீன் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "இப்பத்தான் படம் லட்சணமா இருக்கு," என்றவள், தட்டெடுக்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு கிளப்பில் போனைப் பார்த்த மார்ஜ் கேட்டாள்: "டெஸ்ஸக் காணோமே?"

"மழைக்குப் பின்னாடி நிக்கறாரு மனுஷன்," என்றாள் நோலீன்.

பக்கத்தில் டெஸ் இரண்டாவது துண்டு ஸ்பாஞ்ச் கேக்கை மென்றுகொண்டிருந்ததால் மறுப்புத் தெரிவிக்கவில்லை.