வலிப்பு என்று சொல்லிவிடலாம்

கயிற்றை இழுத்தேன், பெல்ட் நின்றது. ஏன் இழுத்தாய் என்று கேட்டால் வெளியே சொல்கிற மாதிரி என்னிடம் காரணம் இல்லை.

நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரமாக நடப்பதுதான் என் வேலை. காண்ட்ராக்ட் வேலை. நிலக்கரி ஏறிப் போகும் பெல்ட்டில் உருளை சிக்குகிறதா, மண் வழிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பெல்ட்டின் கூடவே இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு போகும். யாராவது மாட்டிக்கொண்டால் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். அன்று காலை ஷிப்டில் யாரும் மாட்டவில்லை. நானே போய்ப் பெல்ட்டில் கையை வைத்துவிடுவேன் என்று தோன்றியது. சாக எனக்கு ஆசையே இல்லை. ஆசை இல்லாதவன் கை ஏன் அங்கே போகிறது என்பதுதான் என் பயம். அதனால்தான் கயிற்றை இழுத்தேன்.

நாய் குறுக்கே ஓடியது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி இழுத்தேன். உருளையில் சத்தம் வந்தது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு முறை இழுத்தால் சுரங்கத்துக்குள் போகிற கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். வடக்குத்து கிராமத்தில் வாடகை வீட்டில் இருக்கிறவனுக்குக் கேட் பாஸ் போனால் எல்லாமே போன மாதிரிதான். இழுக்காவிட்டால் கை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நான் தினமும் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. என் மனைவி என்னை எதுவும் கேட்காமல் நேராகத் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சான் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பவர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வார். அவர்தான் வாடகைக் கார் வைத்து எங்களைப் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா, மனநல மருத்துவர். நான் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"உங்க புத்தி எங்கயும் போகல. பயம் அளவு மீறிப் போயிருக்கு. இதுவும் வியாதிதான். சில நாள் இங்க இருந்தா சரிபண்ணிடலாம்" என்றார்.

காண்ட்ராக்டர் எங்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் எடுத்து ஒரு கார்டு கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு கீழே கவுன்டருக்குப் போனோம். அங்கிருந்தவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மென்டல் கேஸுக்கெல்லாம் கிடையாதுங்க" என்றான். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மேலே போய் டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது. உடம்புக்குக் கொடுக்கிற மாதிரியே மனசுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, நான் எழுதித் தருகிறேன், மறுத்தால் மறுத்ததை எழுத்தில் கேளுங்கள், விடாதீர்கள் என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம். நம்பவில்லை. அவ்வளவு படித்த அம்மா சொன்னதை விட்டுவிட்டு, தலை நிமிராத ஒருவன் சொன்னதை நம்பினோம். பயந்தவனுக்கு மோசமான செய்திதான் முதலில் நிஜமாகத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் மச்சான் என் தோளில் கை வைத்தார்.

"மாப்ள, வலிப்புன்னு சொல்லிடலாம். வலிப்புன்னா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். பைத்தியம்னு பேரு வாங்கினா உன்னக் கேட்டுக்குள்ளயே வுடமாட்டானுங்க."

எனக்கு அது சரியாகப் பட்டது. எங்கள் பக்கம் வலிப்பு கௌரவமான வியாதி. மச்சானின் மகளுக்கே பத்தாவது படிக்கும்போதிலிருந்து வலிப்பு. அவர்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். பெண்ணைத் தனியாக எங்கும் அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான். யாரும் அவளைத் தப்பாகப் பேசியதில்லை.

இல்லாத வியாதியை எழுத முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மச்சானுக்கு வேறொரு ஊரில் தெரிந்த நர்சிங் ஹோம் இருந்தது. அங்கே சேர்த்தார். எனக்குப் பாடமும் நடத்தினார். முதலில் கண் இருட்டியது என்று சொல்ல வேண்டும், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும், எழுந்தால் ஒன்றும் நினைவில்லை என்று சொல்ல வேண்டும். எந்த மாத்திரை, அது வாயில் எப்படிக் கசக்கும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. வாயில் நுரை தள்ளியதைப் பார்த்தேன் என்று என் மனைவி சொல்ல வேண்டுமாம். பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இன்சூரன்ஸிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். அவர் உள்ளே நுழைகிற நேரத்தில் மச்சான் தன் வண்டிச் சாவியை என் கையில் திணித்து, இறுக்கிப் பிடி என்றார். வலிப்புக்காரன் கையில் இரும்பு இருந்தால் வலிப்பு அண்டாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. வந்தவர் சாவியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் உடனே சாங்ஷன் ஆனது. மச்சானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து டூட்டிக்குப் போனால் பாஸைக் கொடுக்கவில்லை.

பெர்மனென்ட் ஆட்களின் வைத்தியம் வேறு வழியில், கம்பெனி மூலமாகப் போகும். அதனால் மச்சானுக்கு இது தெரியவில்லை. எங்கள் கார்டு காண்ட்ராக்டர் பெயரில் எடுத்தது. யார் எதற்குச் சேர்ந்தாலும் தகவல் முதலில் அவர் ஆபீசுக்குப் போய்விடும். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோதே, பெல்ட் ஆளுக்கு வலிப்பு என்று அங்கே தெரிந்துவிட்டது.

"வலிப்பு வர்றவன பெல்ட் ஓரமா நான் எப்டிய்யா அனுப்புவேன்? நீ வுழுந்தீன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மச்சான் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வேலை போனால் பெல்ட்டும் போயிற்று, பயம் போய்விடும் என்று நினைத்தேன். அது பெல்ட்டை விட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சமையலறைப் பக்கம் போகவே பயம். பஸ் வருகிற சத்தம் கேட்டால் ரோட்டோரம் நிற்கப் பயம். வலிப்பு மாத்திரை தலையை மந்தமாக்கியது, பயத்தைத் தொடவே இல்லை. ஒருநாள் வீட்டில் அருவாமனையைக் காணோம். மனைவி அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். காய் நறுக்க அங்கேதான் போய்வருகிறாள் என்று தெரிந்தபோது நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என்னைப் பார்த்து அவளும் பயப்படுகிறாள் என்று அன்றுதான் தெரிந்தது.

"இல்லாத வியாதிக்கு மாத்திர முழுங்கிகினு, இருக்கற வியாதிய வளத்துகினு கெடக்கறீங்க. கெளம்புங்க, டாக்டரம்மாகிட்டயே போவலாம்" என்றாள்.

போனோம். டாக்டரம்மா திட்டினார், சேர்த்துக்கொண்டார். நகையை வைத்து முதலில் கட்டினோம். இன்சூரன்ஸில் கேட்டதற்கு, போன முறை வலிப்பு என்றீர்களே என்று மடக்கினார்கள். பொய் சொன்னோம் என்று என் மனைவி நேராகவே சொல்லிவிட்டாள். மென்டல் கேஸுக்குக் கிடையாது என்று நீங்கள் சொல்லித்தான் பொய் சொல்ல வேண்டி வந்தது என்றும் சேர்த்துச் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, புகார் மேல் புகாராகப் போட்டாள். பல மாதம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தாக வேண்டியதைக் கொடுத்தார்கள், அதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயம் மெல்ல இறங்கியது. ஆனால் பாஸ் திரும்ப வேண்டுமானால் எனக்கு வலிப்பு இல்லை என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். வலிப்பு இல்லையென்றால் பிறகு என்ன வியாதி என்று கேட்பார்கள். காண்ட்ராக்டர் ஆபீஸில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று சொன்னேன். பெல்ட் பக்கத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை.

"எனக்கு வலிப்பு இல்லீங்க. மனசு சரியில்லாம இருந்துச்சு. வைத்தியம் பண்ணிகினு இருக்கேன்."

உள்ளே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஒருவன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். சூப்பர்வைசர் மட்டும் டாக்டரம்மாவின் சான்றிதழைப் பொறுமையாகப் படித்தார். மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்புகிறேன், அவர்கள் சரி என்றால் முதலில் ஸ்டோர்ஸில் போடுகிறேன், பெல்ட்டைப் பிறகு பார்ப்போம் என்றார். இப்போது ஸ்டோர்ஸில்தான் இருக்கிறேன்.

விஷயம் டவுன்ஷிப்புக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மச்சான் போனில் கத்தினார். குடும்ப மானத்தைக் காற்றில் பறக்கவிட்டேனாம். அதன்பிறகு பேச்சே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே வந்தார். காபி வேண்டாம் என்றார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார். எல்லாம் தெரிந்த மனிதர் அன்று முதல்முறையாக என்னிடம் ஒன்றைக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா பொம்பளப் புள்ளைங்களயும் பாப்பாங்களா மாப்ள?"

எல்லோரையும் பார்ப்பார்கள், யாருக்கு என்று கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

"எங்க பாப்பாவுக்கு வலிப்பு ஒரு நாளும் வந்ததில்ல. காதுல யாரோ பேசறாங்கன்னு சொல்லிச்சு. நாங்கதான் வலிப்புன்னு சொல்லிட்டோம்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த மாத்திரையின் கசப்பு நாக்கில் வந்தது. பத்தாவது படித்த பெண் இப்போது காலேஜை முடித்து வீட்டில் இருக்கிறாள்.

வெளியே இருக்கிறாள், கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார். எட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டு போட்ட வண்டியின் பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சாவி அவள் கையில் இருந்தது. யாரும் சொல்லாமலே இறுக்கிப் பிடித்திருந்தாள்.