ஏழுமலை அண்ணன் பீடியைத் தொட்டதே இல்லை

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகன்தான் போன் செய்து சொன்னான்... நுரையீரல் கேன்சர்.

செங்கல்பட்டில் ஒரே பஸ் ஷெட்டில் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளில் அங்கிருந்து கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ்கள் போகும். அவர் டீசல் மெக்கானிக், நான் எலக்ட்ரீஷியன்.

மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறதே என்று ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளேயே எல்லா வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து வைப்போம். இன்ஜின் சூடாகும்வரை புகையில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

வேலை முடிந்ததும் அண்ணன் ஆளுக்கொரு வெல்லத் துண்டு கொடுப்பார். "துன்னுடா, நெஞ்சுல கீற பொகையெல்லாம் கரைஞ்சிடும்."

நம்பித் தின்றோம். எனக்கு சுகர் வந்ததுதான் மிச்சம்.

டிரைவர் யாராவது பீடி பற்றவைத்தால் மட்டும் அண்ணனுக்கு ஆகாது. "வெளிய போய் ஊதுப்பா, நாத்தம் தாங்கல" என்று விரட்டுவார். அவ்வளவு டீசல் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு!

நோய் தெரிந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?"

இல்லவே இல்லை என்றார் அண்ணன். ஆனால் லட்சுமி அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சட்டையில் புகை நாற்றத்தோடுதானே வீட்டுக்கு வருகிறார்... டீசல் என்று சொன்னதெல்லாம் பொய்யோ?

அண்ணி அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டார். அண்ணனுக்கு நோயைவிட அதுதான் வலித்தது.

"சாவறது கூட பரவால்லடா. இவ நான் பொய் சொல்றேன்னு நெனச்சிகினு கீறா. நீ வந்து சொல்லுடா."

போய்ச் சொன்னேன். "நீ அவருக்கு சப்போர்ட்டாத்தான் பேசுவ" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனோம். அன்றைக்கு வேறொரு டாக்டரம்மா இருந்தார். என்ன வேலை, எந்த மாதிரி இடம் என்று விசாரித்தார். ஷட்டர் கதையை நான்தான் சொன்னேன்.

அவர் அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "இவருக்கு எதனால வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வருஷக்கணக்கா டீசல் புகையைச் சுவாசிச்சா, பீடியே தொடாதவங்களுக்கும் வரலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தபடியே வந்தார்.

"இன்னாடி, இன்னும் மோந்து பாக்குறியா?" என்றார் அண்ணன்.

அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

இப்போதுதான் அவர் வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்தேன். மாலையோடு வந்த சொந்தக்காரர் ஒருவர், "பீடி குடிப்பாரோ?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"பஸ்ஸு பொகைங்க அது. எங்க வூட்டுக்காரு பீடியத் தொட்டதே இல்ல."

கேட்டீங்களாண்ணே... நிம்மதியாப் போய்ட்டு வாங்க.